மாமியாரை யாரும் விசாரிக்கவில்லை

பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாளே அப்பா மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கக் கிளம்பிவிட்டார். அவர்கள் விருதுநகரில் மூன்று தலைமுறையாகச் சுருட்டு செய்கிற குடும்பம். எங்களுக்கு எம். புதுப்பட்டியில் பட்டாசு கம்பெனி. அப்பாவின் தம்பி, எவனோ ஒளித்துக் குடித்த பீடியால் ஃபேக்டரிக்குள் கருகிச் செத்தவர். அதிலிருந்து புகை என்றாலே அப்பாவுக்கு ஆகாது. மாப்பிள்ளை, மாமனார், கொழுந்தன் என்று அந்த வீட்டு ஆண்பிள்ளைகளைத் துருவித் துருவி விசாரித்தார். ஒருவருக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

"யாவாரம் வேற, பழக்கம் வேற. ஆனா அந்த வீட்டுல ஒருத்தர் வாயில புகை வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன், அன்னைக்கே ஒன்னயக் கூட்டிட்டு வந்துருவேன்" என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார். சொன்னால் செய்கிற மனிதர். மாமியாரை விசாரிக்க யாருக்குத் தோன்றும்?

கல்யாணமான மூன்றாம் நாள் காலை, துணி காயப்போட மாடிக்குப் போனேன். அத்தை தலைக்குக் குளித்து, பூ வைத்து, நாற்காலியில் சாய்ந்து சுருட்டு குடித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டேன். துவைத்த துணியெல்லாம் தரையில் கிடந்தது.

"என்ன தாயி, பேயக் கண்டவ மாதிரி நிக்கிற? காப்பி குடிச்சியா?" என்றார் அத்தை.

அந்த வீட்டில் நாக்கு அத்தையுடையது. மாமனாருக்கு ஒரு இழுப்புக்கே இருமல் வந்துவிடும். நாற்பது வருடமாக எந்தப் புகையிலை எந்தச் சுருட்டுக்கு என்று முடிவு செய்வது அத்தைதான். கம்பெனியின் உசந்த ரகம் பெட்டிச் சுருட்டு. இரண்டு வருடம் கிட்டங்கியில், அதாவது சரக்கு அறையில், அட்டி அட்டியாக அடுக்கிக் கிடந்து பதமான இலை அது. அத்தை ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து விரலால் மெல்ல அழுத்துவார். சரசரவென்று கேட்டால் காய்ந்துவிட்டது என்று திரும்ப வைத்துவிடுவார். நெருப்பை ஒட்ட வைக்காமல் நுனிக்குச் சூடு காட்டித்தான் பற்ற வைப்பார். புகையை வாயில் நிறுத்தி விட்டுவிடுவார், உள்ளே இழுக்கமாட்டார். "நெஞ்சுக்குள்ள இழுக்கணும்னா பீடி போதும். இது நாக்குக்கு" என்பார். முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை ஆர்டர், லோடு என்று எவரும் மாடிப்படி ஏறக்கூடாது.

தீப்பெட்டியைக்கூட மூடி போட்ட டப்பாவில் வைக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். ஒரு மாதம் அத்தையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஒருநாள், அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டுத் தொலைத்தேன். கையில் கொடுத்துவிட்டார். முதல் தடவை இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்றாம் தடவை, முதலில் மிளகுக் காரமும் பாதிக்கு மேல் கருப்பட்டிக் காப்பியின் இனிப்பும் நாக்கில் தெரிந்தன. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாக இருந்தது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கொன்று. அப்பாவுக்குத் தெரிந்தால் என் வாழ்க்கை அவ்வளவுதான் என்கிற பயமும் அன்றிலிருந்து இரட்டிப்பானது.

போன வருடம் மழை விட்ட ஒரு காலையில் அத்தை அப்பாவின் ஃபேக்டரியைப் பார்க்கவேண்டும் என்று கிளம்பினார். வழிநெடுகக் காரில் நான் கெஞ்சினேன். சுருட்டைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது. அத்தை ஏலக்காய் மென்றுகொண்டே தலையாட்டினார்.

அப்பா வாசலிலேயே காத்திருந்தார். "வாங்க மதினி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று உபசரித்து, போனை வாங்கிவைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே அழைத்துப் போனார். ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய அறைகள். கடைசியில் வெடிமருந்து மூட்டைகள் வைக்கிற அறை. அதற்கு அடுத்த அறையில் நான்கு பெண்கள் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே வந்ததும் அத்தை மூக்கை உறிஞ்சினார். "என்ன தாயி, நம்ம கிட்டங்கியில இலை அட்டி உள்ளுக்குள்ள சூடேறுனா வருமே, மூக்க அரிக்கிற நெடி? அது இங்கன அடிக்கு."

நெடியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. 'அதெப்படி உங்களுக்குத் தெரியும்' என்று அப்பா கேட்டுவிடுவாரே என்றுதான் பயந்தேன். அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "ஒன்னும் இல்ல அத்தை, மருந்து வாடைதான். பேசாம வாங்க" என்று பல்லைக் கடித்துச் சொன்னேன்.

அத்தை வந்தார். பத்து அடி இருக்கும். சட்டென்று நின்று திரும்பினார்.

"அண்ணாச்சி, அந்த மூட்டை ரூமுக்குள்ள ஏதோ வேகுது. அந்தப் பிள்ளைகள மொதல்ல வெளிய வரச்சொல்லுங்க."

அப்பா சிரித்தார். முப்பது வருடமாகக் கந்தகத்திலேயே கிடந்த மூக்கு அவருடையது. "அதெல்லாம் ஒன்னுமில்ல மதினி. நாங்க இங்கனயே கெடக்கோம், எங்களுக்குத் தெரியாததா?"

"ஒங்க மூக்கு செத்துப்போச்சு, அண்ணாச்சி. நான் நாப்பது வருசமா தெனம் ஒரு சுருட்டுக் குடிக்கிறவ. எந்த அட்டி சூடாகுதுன்னு வாசல்ல நின்னே சொல்லுவேன். பிள்ளைகளக் கூப்பிடுங்க!"

அப்பாவின் முகம் வெளிறிப்போனது. அந்த அறையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ஒரு மனிதருக்கு எதற்கு அதிர்ச்சியாவது என்று ஒரு கணக்கு வேண்டாமா? கன்னத்தில் அறையலாம்போல இருந்தது, அவரையும் என்னையும்.

கூடவே வந்த போர்மேன்தான் ஓடினார். ஜன்னல் வழியாகக் கையை விட்டு மூட்டையைத் தொட்டவர் உதறிக்கொண்டு பின்வாங்கினார். "மொதலாளி, கொதிக்கி! ஓடுங்க, எல்லாரும் ஓடுங்க!" ராத்திரி மழையில் கூரை ஒழுகி, கலந்து வைத்த மருந்து நனைந்திருக்கிறது. நனைந்த அலுமினியப் பவுடர் தானாகவே சூடேறும், அப்போது அந்த நெடி வரும். இது அங்கே எல்லாருக்கும் தெரியும். மூக்குதான் இல்லை.

நான்கு பெண்களும் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். நாங்கள் வேலியோரம் சேர்வதற்குள் மூட்டை அறை வெடித்துவிட்டது. சத்தத்தை நான் காதால் கேட்டதாகவே நினைவில்லை. வயிற்றில் உணர்ந்தேன். புகை விலகியபோது அவர்கள் உட்கார்ந்திருந்த அறையில் சுவர் இல்லை, கூரை இல்லை. அப்பா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சுருட்டைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

அந்த நால்வரில் ஒருத்தி அன்று சாயங்காலம் விருதுநகர் வீட்டுக்கு வந்தாள். அத்தையின் காலில் விழப் போனாள். அத்தை தோளைப் பிடித்து நிறுத்தினார். அவள் என் பக்கம் திரும்பி என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு பேருந்தான் எங்கள வெளிய கூப்பிடச் சொன்னீகளாமே, தாயி. எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்துப்போன அந்தப் பத்து அடியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை என்னையே பார்த்தார்.

"ஆமா, இவளுந்தான் சொன்னா" என்றார்.