செங்கல்லாக நின்ற பயணிகள்

ஐம்பதுகளில் ஒருநாள், பெங்களூர் போன பஸ் ரேடியேட்டர் கொதித்துச் சூளகிரியில் நின்றது. மடியில் கட்டம் போட்ட காகிதத்துடன் எங்களோடு பயணம் செய்த ஒல்லியான எஞ்சினியர் ஒருவர் எங்களை இறக்கி வரிசை வரிசையாக நிறுத்தினார். மாலைக்குள் அவர் ஓர் உலைச் சுவரின் சூட்டைக் கணக்கிட்டாக வேண்டுமாம்.

“நீங்கதான் செங்கல். ஓரத்துல நிக்கறவங்க நான் குடுக்கற சூட்டையே மாத்தாம சொல்லுங்க. உள்ள இருக்கறவங்க, சுத்தி நிக்கறவங்க எண்ணோட சராசரியைச் சொல்லுங்க. எல்லார் எண்ணும் மாறாம நின்னா கணக்கு முடிஞ்சுது.”

கத்தினோம்; எண்கள் நிற்கவேயில்லை. ஒவ்வொருவராக விசாரித்தார். நடுவில் நின்ற வெல்ல வியாபாரி சுற்றுக்குச் சுற்று பத்து ஏற்றிக்கொண்டிருந்தார்.

“ஏன் ஏத்தறீங்க?”

“கேட்டதுக்கே ஒத்துக்கிட்டா யாவாரம் ஆவுங்களா?”

எஞ்சினியர் கோபப்படவில்லை. அவரை உலை நெருப்பின் பக்கமாக வைத்திருந்த ஓரத்துக்கு மாற்றி, “தொள்ளாயிரம். இதுதான் கடைசி விலை,” என்றார். வியாபாரி அதிலிருந்து அசையவில்லை. சற்று நேரத்தில் எல்லா எண்களும் அடங்கின.

பஸ் ஏறும்போது எஞ்சினியர் காகிதத்தில் என் கட்டத்தைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டி, “நீங்க தாங்குவீங்க,” என்றார். எதை என்று கேட்கவில்லை. ஆனாலும் பெங்களூர் வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.