தாழ்ப்பாள் இல்லாத அறை

சாவி தொலைந்துவிட்டது என்று யார் வந்து நின்றாலும் அயூப் முதலில் அவர் காலைப் பார்ப்பார். செருப்பை வைத்து ஆளைச் சொல்லிவிடலாம் என்பது அவர் எண்ணம். முகம் அப்புறம்தான்.

"பூட்டை எடுத்துகினு வா. பூட்டு இல்லாம சாவி போட மாட்டேன்."

சோப்பில் அச்செடுத்து வந்தவர்களுக்கும் கதவிலேயே பூட்டு பதிந்திருக்கிறது என்று கெஞ்சியவர்களுக்கும் இதே பதில். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் மற்ற கடைக்காரர்கள் நின்ற நிலையில் சாவி வெட்டித் தந்தார்கள். அயூப் கடையில் கூட்டம் குறைவு. கூட்டம் கம்மி என்றால் திருடனும் கம்மி என்று அவர் தன்னைத் தேற்றிக்கொள்வார்.

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார்.

"பூட்டு விக்கிறவரே பூட்டை நம்பல. ஊரு எப்படிங்க நம்பி வாங்கும்?" என்பாள் மனைவி அக்தர் பேகம்.

2006 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுதுவிட்டு அவர் சாப்பிட உட்கார்ந்தபோது, அன்று கல்லூரி லீவில் வீட்டிலிருந்த மகள் சோயா ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தாள். பெருங்களத்தூர் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் இருந்த பொறியியல் கல்லூரியில் அவள் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். கணக்கு வாத்தியார் சாம்பசிவன் வகுப்பு விதிகளை ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தார். கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"படி. தமிழ்ல சொல்லு."

"பரீட்சையில கால்குலேட்டர் கூடாது."

"சரி."

"வீட்டுக் கணக்கை நாலு பேர் சேர்ந்து போடலாம். ஆனா தனித்தனியா எழுதணும். யார்கூட சேர்ந்து போட்டோம்னு கீழ பேர் போடணும்."

"காட்டிக் குடுக்கச் சொல்றாரா?"

"இல்ல அத்தா. நேர்மையா இருக்கணும்னு."

"நேர்மைக்கு எதுக்குப் பேரு? அடுத்தது?"

"மூணு டெஸ்ட்டுல ரொம்ப மோசமானதை விட்டுருவாரு. மத்த ரெண்டுதான் கணக்கு."

அயூப் கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தார். "எதுக்கு? விக்காத சரக்குக்குத்தானே தள்ளுபடி."

சோயாவின் குரல் இறங்கியது. "புதன்கிழமை நாலு மணிக்கு டவுட் கேக்கற நேரம். புரியாததை அவர் ரூமுக்குப் போய்க் கேக்கலாம்."

"காலேஜ் பஸ் எத்தனை மணிக்கு?"

"மூணே முக்கால்."

முதல் டெஸ்ட்டில் சோயா வாங்கியது ஐம்பதுக்குப் பதினொன்று. விட்டுவிடக்கூடிய டெஸ்ட் அதோடு தீர்ந்தது. அடுத்ததிலும் போனால் அந்தப் பாடத்தில் தேறுவது நடக்காது. எக்ஸ் என்று ஒரே மாறி இருந்தவரை அவளுக்குக் கணக்கு வந்தது. இரண்டு, மூன்று என்று சேர்ந்து வந்ததும் எதைப் பிடிப்பது, எதை விடுவது என்றே தெரியவில்லை. கேட்க வேறு ஆளும் இல்லை.

"பஸ்ஸை அனுப்பிட்டு ரூமுக்கு வான்றாரு. அங்க எத்தினி புள்ளைங்க போவுது?"

"யாரும் போக மாட்டாங்க அத்தா. போனா மார்க்குக்குக் காக்கா புடிக்கிறான்னு பசங்க ஓட்டுவாங்க."

"அப்ப நீ மட்டும் தனியாப் போவே."

உண்மையைச் சொன்னதற்காக சோயா தன்னையே நொந்துகொண்டாள். அயூப் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நா பாத்துட்டு வந்துதான் கையெழுத்து."

புதன்கிழமை கடையைச் சாத்தி, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறினார். அவர் போய்ச் சேர்ந்தபோது கல்லூரி பஸ்கள் கிளம்பிவிட்டிருந்தன. சோயாவை வராந்தாவில் நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனார்.

அறைக் கதவு அகலத் திறந்திருந்தது. செங்கல் ஒன்று அதை நகராமல் பிடித்திருந்தது. நாற்காலியில் நரைத்த மனிதர் ஒருவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அயூப் காலைப் பார்த்தார். ரப்பர் செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. அதை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை.

"மார்க் விஷயமா வந்திருந்தா இப்பவே கிளம்பிடுங்க" என்றார் சாம்பசிவன்.

"மார்க்கு இன்னாத்துக்கு சார் எனக்கு? சோயாவோட அத்தா நானு. விதி கேக்க வந்தேன்."

"அதுதான் அச்சடிச்சுக் குடுத்திருக்கேனே."

"அச்சடிச்சதுல எல்லாம் நல்லாத்தான் கீது."

சாம்பசிவன் நாற்காலியைக் காட்டினார். அயூப் உட்காரவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்பக்கத்தில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகளை அடைத்து மேலே பெயின்ட் அடித்திருந்தது. சாவித் துவாரத்தில் காகிதம் திணித்திருந்தது.

"தாழ்ப்பா எங்க சார்?"

"கழட்டிட்டேன்."

"ஏன்?"

"உங்களை மாதிரி யாராவது வந்து பாப்பாங்கன்னுதான்."

அயூப் இப்போது உட்கார்ந்தார்.

"முன்னாடி இருந்த காலேஜ்ல ஒரு பையன் ஃபெயிலானான்" என்றார் சாம்பசிவன். "சார் கதவைச் சாத்திக்கிட்டு ஆளுக்கேத்த மாதிரி மார்க் போடறார்னு கிளப்பி விட்டான். காத்துல சாத்திக்கிற கதவு அது. அன்னைக்கே போய் ஸ்க்ரூட்ரைவர் வாங்கினேன். இங்க வந்ததும் முதல் வேலை இதுதான்."

"கீலை மட்டும் வுட்டு வெச்சிகிறீங்க."

"கதவையே எடுக்க ஆபீஸ்ல ஒத்துக்கல."

அயூப் சிரிக்கவில்லை. தாளை எடுத்து விரித்தார். "இந்த ஒரு டெஸ்ட்டை வுடுறது. அது இன்னாத்துக்கு?"

"டெஸ்ட் அன்னைக்குப் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வரும். எவனுக்கு வந்தது நிஜம், எவனுக்கு வந்தது பொய்னு நான் விசாரிச்சுக்கிட்டே இருக்கணுமா? அதான் எல்லாருக்கும் ஒண்ணை விட்டாச்சு."

அது தள்ளுபடி அல்ல என்று அயூபுக்கு விளங்கியது. இந்த மனிதர் ஒருவரையும் நம்பவில்லை. அயூபுக்கு அது பிடித்திருந்தது.

"சோயா" என்று வராந்தா பக்கம் குரல் கொடுத்தார். "வந்து கேளு. எதிர்லதான் குந்திகினு இருப்பேன்."

சோயா நோட்டை விரித்தாள். சாம்பசிவன் மேடு பள்ளமாக ஒரு படம் வரைந்தார். "மலைன்னு வெச்சுக்கோ. நீ சரிவுல நிக்கறே. ஒரே நேரத்துல எல்லாப் பக்கமும் பாக்காதே. ஒய்யை அசையாம பிடிச்சுக்கோ. எக்ஸை மட்டும் லேசா நகர்த்து. உயரம் என்ன ஆகுதுன்னு பாரு. அப்புறம் எக்ஸை நிறுத்திட்டு ஒய்யை நகர்த்து."

"பூட்டு ஒடைக்கிறவன் அப்டித்தான் சார் பண்ணுவான்" என்றார் அயூப். "பூட்டுக்குள்ள ஒரு லீவரைப் புடிச்சிகினு இன்னொண்ணை அசைச்சிப் பாப்பான்."

சாம்பசிவனின் பேனா நின்றது. "நீங்க என்ன பண்றீங்க?"

"மார்க்கெட்டுல பூட்டுக் கடை. விக்கிறவன் சார் நானு."

"சரி" என்ற சாம்பசிவன், மேசை டிராயரை முழங்காலால் மெல்லத் தள்ளி மூடினார்.

அயூப் அதைக் கவனித்தார். தானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். சோயா அடுத்த கணக்கைத் தானே போட்டு முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு அங்கேயே பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"இனிமே நீயே போய் வா" என்றார் பஸ்ஸில்.

அடுத்த புதன்கிழமை கல்லூரி வாசல் பஸ் நிறுத்தத்தில், டீக்கடை மறைவில் அவர் நின்றிருந்தார். சோயா வந்தாள். அவளோடு இன்னும் இரண்டு பெண்கள். ஒருத்தி காற்றில் கையால் சரிவு காட்டிக்கொண்டிருந்தாள், மற்றவள் இல்லை இல்லை என்று தலையாட்டினாள். அவர்கள் முன்வாசலில் ஏறினார்கள். அயூப் கூட்டத்தோடு பின்வாசலில் தொற்றிக்கொண்டார். சோயா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தாம்பரத்தில் இறங்கியதும் கடைக்கு ஓடிப்போய், வெகுநேரமாக அங்கேயே இருப்பவர் போல உட்கார்ந்துகொண்டார்.

வீடு திரும்பியதும், "பஸ்ஸுல கூட்டமா?" என்று கேட்டார்.

"நீங்கதான் பின்னாடி தொங்கிக்கிட்டு வந்தீங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

அக்தர் பேகம் சிரிப்பை அடக்க அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சோயா நோட்டை விரித்து உட்கார்ந்தாள்.

"சார் கேட்டாரு அத்தா. உங்கப்பா வராந்தாவுல நிக்கறாரா, பஸ் ஸ்டாப்லயான்னு."

"நீ இன்னா சொன்னே?"

"பஸ் ஸ்டாப்லதான் இருப்பாருன்னேன். 'அப்ப சரி'ன்னு டிராயரைத் திறந்து சாக்பீஸ் எடுத்தாரு."