எலிசாள் சுமந்த சளி

எலிசாளை யாராவது "அந்தச் சளி எடுக்கிற பொம்பளை" என்று சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். சளிதான் சுமந்தாள். ஆனால் மழைக்காலந்தோறும் திருவனந்தபுரத்துக் குழந்தைகளை மூச்சுத்திணற வைக்கிற வைரஸ் எப்படி உருமாறுகிறது, எங்கிருந்து எங்கே போகிறது என்று எங்கள் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்தது அவளால்தான். நான் அங்கே எழுத்தர், பெயர் சாம்பசிவன்.

அவள் மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. தற்காலிக வேலை. சாலை பஜார், கரமனை, வித்துரா என்று மூன்று கிளினிக்குகளுக்கும் பஸ்ஸில் போய், குழந்தைகளின் மூக்குச்சளி எடுத்த குழாய்களை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வாங்கி வருவாள். சூடு ஏறினால் எல்லாம் பாழ். அதனால் வித்துராவிலிருந்து வரும்போது பாதி வழியில் இறங்கி, ஒரு கூல்பாரில் கெஞ்சி ஐஸ் மாற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். பிளாஸ்கைக் கீழே வை என்று எந்தக் கண்டக்டர் சொன்னாலும் நடக்காது, மடியில்தான்.

2003ஆம் வருஷம். எங்கள் டாக்டர் வெங்கடேஸ்வரன் அந்த மழைக்காலத்து வைரஸ்களின் மரபணு எழுத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். வைரஸ் பரவப் பரவ எழுத்து ஒன்றிரண்டு பிசகும். பிசகியது அப்படியே அடுத்த குழந்தைக்கும் போகும். பிசகு குறைந்தது மூத்தது, கூடியது இளையது. சாலைக் குழந்தையின் வைரஸில் ஒரு பிசகு, தேதி ஜூலை 28. வித்துராக் குழந்தையுடையதில் அதே பிசகும் மேற்கொண்டு இரண்டும் இருந்தன, தேதியோ ஜூலை 21. மகன் பிறந்து ஒரு வாரம் கழித்து அப்பன் பிறந்த கதை.

எலிசாள் குழாய்களை மாற்றிவிட்டாள் என்று டாக்டர் முடிவுகட்டினார். அந்த வருஷத்து மாதிரிகளையெல்லாம் கொட்டிவிடவும் அவளை வேலையிலிருந்து நிறுத்தவும் கடிதம் டைப் அடிக்கச் சொன்னார். அடித்தேன். வெட்கக்கேடு, ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை.

ஜூலை 21 வித்துராக் குழாய் என்று கடிதத்தில் வாசித்த எலிசாள் அழவில்லை. நேரே டாக்டர் அறைக்குள் போனாள்.

"எனக்க கையில குழாய் மாறாது சாரே. ஜூலை இருபத்தொண்ணு நான் லீவாக்கும். வித்துராவுக்கே போவாத அன்னைக்கு அந்தக் குழாய் எப்பிடி வந்துது? எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தோம். ஒட்டிய சீட்டில் வெறும் 21, மாதமே இல்லை. வித்துரா நர்ஸ் அப்போது விடுப்பில் இருந்ததால் சீட்டு எழுதியது ஆயா தாசம்மாளாம். தாசம்மாளுக்குத் தேதி என்றால் மலையாளத் தேதிதான். கர்க்கடக மாதம் 21, அதாவது ஆகஸ்ட் ஆறு. அன்று வித்துரா போனதற்கு வருகைப் பதிவேட்டில் எலிசாளின் கையெழுத்து இருந்தது. தேதியை மாற்றியதும் எல்லாம் ஒழுங்காயிற்று. சாலையில் ஒரு பிசகு, கரமனையில் இரண்டு, வித்துராவில் மூன்று. வைரஸ் போன வழி அப்படியே தாளில் தெரிந்தது. டாக்டர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

பிறகு, ஜூலை என்று பதிந்தது யார் என்று கேட்டார்.

குழாய்களின் விவரத்தை உடனுக்குடன் ஏற்றாமல், ஆகஸ்ட் பாதியில் ஒரே இருப்பில் ஏற்றியது நான்தான். 21 என்று கண்டேன். ஆகஸ்ட் 21 இன்னும் வரவில்லையே, அப்படியானால் ஜூலைதான் என்று போட்டுவிட்டேன். என் வீட்டுச் சுவரிலும் மலையாளக் காலண்டர்தான் தொங்குகிறது! எலிசாள் என்னைப் பார்த்தாள். பெயரைச் சொல்லவில்லை.

"நான்தான் சார்," என்றேன்.

டாக்டர் கடிதத்தைக் கிழிக்கப் போனார். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"கிழிக்கண்டாம் சாரே. தப்பு எங்க நடந்துதுன்னு அதுக்க அடியில எழுதி ஒப்பு போட்டுத் தாருங்க. டெம்பரவரின்னாலும் எனக்கும் ஒரு பேரு உண்டு."

டாக்டர் சொல்லச் சொல்ல நானே அடித்தேன். எலிசாள் கொண்டுவந்த குழாய்கள் அனைத்தும் சரி, தவறு எழுத்தர் சாம்பசிவனுடையது. என் உத்தியோகத்தில் பெருமையோடு டைப் அடித்த தாள் அது ஒன்றுதான்.