வாசற்படியின் அரைக்குழிகள்

அப்புத்தளைக்குக் கீழே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்து வாசலில் ஒரு படிக்கல் இருக்கிறது. அதன் விளிம்பு நெடுக அரைவட்டக் குழிகள். வெள்ளைக்காரன் காலத்தில் பாறையில் வரிசையாகத் துளை போட்டுப் பிளந்தபோது, பாதித் துளைகள் இந்தக் கல்லோடு வந்துவிட்டன. சின்ன வயதில் யார் விரல் அந்தக் குழியில் சரியாக உட்காருகிறது என்று அக்காவும் நானும் அடித்துக்கொள்வோம். எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள்.

கடலையே பார்க்காமல் வளர்ந்த அக்கா, கம்பஸில் பட்டப்படிப்பை முடித்துக் கடலடித் தொல்லியல் ஆய்வில் சேர்ந்தாள். "மலையில பொறந்தவளுக்குக் கடல்ல என்னடி வேலை?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. முதுகில் காற்றுக்கலனைக் கட்டிக்கொண்டு, கலங்கிய தண்ணீருக்குள் கயிற்றைப் பிடித்தபடி அங்குலம் அங்குலமாகத் தேட வேண்டுமாம். "கொழுந்து எடுக்குற மாதிரிதான்டி, புடிச்ச நெர வரிசைய விட்டாப் போச்சு" என்பாள், ஏதோ மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்வந்தவள் போல.

மன்னார்ப் பக்கம் கடலடியில் கற்கள் வரிசையாகக் கிடந்ததைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். பழைய கோயில் என்று ஊரே திரண்டது, கரையில் தேங்காய் உடைத்தார்கள். தற்காலிக வேலையில் இருந்தவளை இதைக் காட்டியே நிரந்தரமாக்கிவிடலாம் என்று மேலதிகாரியும் சொல்லியிருந்தார். அளவெடுக்க மறுபடி இறங்கியபோது, கையுறையைக் கழற்றிப் பாசியை ஒதுக்கியவளின் விரல் ஓர் அரைவட்டக் குழிக்குள் போய் உட்கார்ந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. கண்ணுக்குத் தெரியும் முன்னே விரலுக்குத் தெரிந்துவிட்டது என்பாள்.

படகில் ஏறியதும் போட்டு உடைத்துவிட்டாள். "கோயில் இல்லீங்க சார். வெள்ளைக்காரன் காலத்து எறங்குதுறைங்க."

மேலதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், இவள்மேல் பிரியமுள்ளவர். "கடலுக்குள்ள ஆர் வந்து பார்க்கப் போகினம், பிள்ளை?"

"எங்க வாசப்படி தெனமும் என்னையப் பாக்குமே சார்."

அறிக்கை இறங்குதுறை என்றே போனது. நிரந்தர வேலையும் போனது. இன்னமும் தற்காலிகமாகத்தான் கடலில் இறங்குகிறாள். எத்தனையோ படித்தவர்களோடு பழகிவிட்டேன். இப்படி ஒரு நெஞ்சுரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன மாதம் லயம் முழுக்க வாசற்படிகளுக்கு டைல்ஸ் பதித்தார்கள். மேசன் எங்கள் வாசலுக்கு வந்ததும், "பொழைக்கத் தெரியாதவ" என்று இன்றுவரை அக்காவைத் திட்டித் தீர்க்கும் அம்மா, படிக்கல்லின் மேல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"இதுல கை வைக்காதீங்க தம்பி. இந்தக் கல்லு சொன்னதக் கேட்டுத்தான் எம் மக பெர்மனன்ட் வேலைய விட்டா."