அம்மன் கட்டிக்கொண்ட பாவாடை

ஆடி பிறந்தால் கோயில் கமிட்டி ஜெயக்குமார் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆரணியில் தறி வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்குவார். ஸ்வர்ணலதா வீட்டு வாசலில் மட்டும் செருப்பைக் கழற்றமாட்டார். எப்படியும் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பப் போகிறோம், கழற்றி மாட்டுவானேன்!

ஸ்வர்ணலதா ஆறு தறி வைத்து, செல்போனிலேயே புடவை விற்கும் நாற்பத்தைந்து வயதுக்காரி. அம்மனுக்கு ஒரு பட்டு என்று யாராவது வாயைத் திறந்தால் போதும். "அவளுக்கா? இன்னாத்துக்கு? நாம கேட்டா அவளுக்குக் காது கேக்குதா?" என்று பிடித்துக்கொள்வாள்.

அந்தக் காதின் லட்சணம் அவளுக்கு ஒன்பது வயதில் தெரிந்தது. பள்ளி ஆண்டுவிழாவில் கும்மி. எல்லாரும் பட்டுப்பாவாடையில் வரவேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். விடிந்தால் அடைந்தால் பட்டு நெய்கிற வீட்டில் ஒரு பட்டுப்பாவாடை கிடையாது. அப்பா பழனி நெய்ததெல்லாம் முதலாளியின் நூல், முதலாளியின் சேலை. பழுது விழுந்த சேலையை மட்டும் முதலாளி கூலியில் பிடித்துக்கொண்டு நெய்தவன் தலையிலேயே கட்டுவார். அந்தத் தெருவில் ஒரு பிள்ளை பட்டுப்பாவாடை கட்டினால், அந்த வீட்டில் சேலை கெட்டது என்று அர்த்தம்.

வேறு பிள்ளையாக இருந்தால் சாமியிடம் பாவாடை கேட்டிருக்கும். தறிக்காரர் மகள் பழுது கேட்டாள். "தாயே, எங்கப்பா சேல கெட்டுப்போவணும்." பதினோரு நாள் பச்சைத் தண்ணீரில் குளித்துக் கோயிலைச் சுற்றினாள். மகா புத்திசாலி!

சேலை கெட்டது. அரக்குப் பட்டின் நடுவே சாயம் மாறிய நூல் ஓடி, ஒரு சாண் அகலத்துக்கு வெளிறிய பட்டை. முதலாளி தூக்கி எறிந்தார். அப்பா முகம் செத்துப்போயிற்று. தான் வேண்டித்தான் வந்தது என்று சொல்ல முடியுமா? ஆனாலும், பாவாடைக்கு எப்போது அளவெடுப்பாள் என்று அம்மா பூங்காவனத்தின் பின்னாலேயே திரிந்தாள்.

அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். அப்பா சேலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இருவது வருசத்துல என் கையில பழுது வந்துகீதா? ஆத்தாவே ஆசப்பட்டுக் கேட்டுகீறா. அவளுக்கே சாத்திடலாம்."

வெள்ளிக்கிழமை அம்மன் அதைக் கட்டிக்கொண்டு ஜம்மென்று நின்றாள். பூசாரி பழுதை மடிப்புக்குள் மறைத்துவிட்டார். அப்பா கண்ணீர் வழியக் கும்பிட்டார். பிள்ளைக்குக் கை குவியவில்லை. சீ, இவளும் ஒரு சாமியா என்றிருந்தது. கொடுக்காத சாமியையாவது மன்னிக்கலாம். கொடுப்பதுபோல் கொடுத்து, பிடுங்கித் தானே உடுத்திக்கொள்கிறவளை என்ன செய்வது? ஆண்டுவிழா அன்று சீட்டிப் பாவாடையோடு மேடைக்குக் கீழே உட்கார்ந்து அழுதாள்.

இந்த ஆடியிலும் ஜெயக்குமார் வந்தார். கூடத்தில் சாயம் மாறிய பச்சைச் சேலை ஒன்று கிடந்தது.

"இது பழுதுதானேங்க? இதையாவது குடுங்க. மடிப்புல மறைச்சிக்கலாம்."

ஸ்வர்ணலதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே சேலையைச் சரக்கென்று வெட்டினாள். பிறகு, தன் தறியில் கூலிக்கு நெய்யும் தென்னரசுவின் மகளைக் கூப்பிட்டாள்.

"இனியா, வாடி, அளவெடுக்கணும். கெட்ட பட்டை முன்னாடியே வரட்டும், நல்லாத் தெரியணும். மறைக்கிற வேலையெல்லாம் கோயிலோட போவட்டும்."