பெங்குவினின் வைராக்கியம்

"இதுல என்ன ஓடுது?"

எங்கள் தெருவில் கணினி பழுது பார்க்கும் கடைக்காரர், மடிக்கணினியைத் திறக்கும் முன்பே கேட்டுவிடுவார். விண்டோஸ் என்று பதில் வந்தால், சாப்பாட்டில் முடி கிடந்ததுபோல முகம் சுளியும். "லினக்ஸ் கத்துக்குங்க. அப்பதான் கம்ப்யூட்டர் உங்க பேச்சக் கேக்கும்." பழுதானதைக் கொண்டுவந்தவர், எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்பார்.

விண்டோஸுக்குப் போட்டியான இலவச இயங்குதளம் லினக்ஸ்; அதன் சின்னம் பெங்குவின். அதைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு திரிவதால் தெருவில் அவருக்கு அதுவே பெயர். நடையும் கொஞ்சம் அப்படித்தான்.

கடைக்கு வருகிற கணினிப் பெட்டிகள் அத்தனையும் விண்டோஸ். அதில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. சொல்லிக்காட்டினால், டாக்டர் என்ன காய்ச்சலை விரும்பியா வைத்தியம் பார்க்கிறார் என்பார்.

மனைவி தப்பித்தார், கணினியே வேண்டாமென்று கைபேசியோடு நிறுத்திக்கொண்டார். தங்கை தப்பவில்லை. எம்பிராய்டரிக் கடை வைத்திருக்கும் அவர், கணினி மந்தமாக இருக்கிறதென்று அண்ணனிடம் கொடுத்தார். பெங்குவின் ஒரு வார்த்தை கேட்காமல் விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸை ஏற்றினார். கணினி பறந்தது. தையல் இயந்திரம்தான் அசையவில்லை. அதை இயக்கும் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும். மறுநாள் காலை ஒரு மருத்துவமனை ஊழியர்களின் சீருடைக்குப் பேட்ஜ் கொடுத்தாக வேண்டும்.

தங்கை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நானும் கடையில் இருந்தேன். பெங்குவின் விரல் மடக்கினார்: லினக்ஸுக்குக் காசு கிடையாது, வைரஸ் பயம் கிடையாது, மூளை கூர்மையாகும். கொஞ்ச நாள் உட்கார்ந்து கற்றால் அவளே வழி கண்டுபிடிப்பாளாம். முடியாவிட்டால் தையல் இயந்திரத்தை மாற்றிவிடலாமாம்.

தங்கை முழுவதையும் கேட்டுக்கொண்டார். "அண்ணா, நான் கம்ப்யூட்டர் கத்துக்க வரல. நாளைக்குப் பேட்ஜ் குடுக்கணும்."

"எல்லாரும் இப்படியே சொன்னா எப்பதான் கத்துக்கிறது?"

தங்கை பெட்டியைக் குழந்தைபோல இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். எதிர்ச்சாரியில் இன்னொரு கணினிக் கடை. அதன் முதலாளி அதற்குள் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டார்.

பெங்குவினின் காது மடல் சிவந்தது. "இங்க வை," என்றார். முதல் தடவை குரலே எழும்பவில்லை; இரண்டாம் தடவைதான் தங்கைக்குக் கேட்டது.

பெட்டி மேசைக்குத் திரும்பியது. பெங்குவின் எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பட்டப்பகலில் ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். அதன் பிறகுதான் விண்டோஸ் இருந்த பென்டிரைவைக் கையில் எடுத்தார்.