கவர்னர் கையெழுத்து

பீளமேட்டில் வண்டி பழுது பார்க்கும் மெக்கானிக், மில்லில் கழித்த நூல் வேஸ்டில் கையைத் துடைக்கும்போதெல்லாம், அதே வேஸ்டைச் சுருட்டிக் கரும்பலகை துடைத்த எங்கள் மில் பள்ளிக்கூடத்தின் வாசம் வந்துவிடுகிறது. மில் சங்கு ஊதும்வரை நீளும் கடைசிப் பீரியடில், பெஞ்சுகளை எதிரெதிரே திருப்பிப் போட்டு, ஸ்டெல்லா டீச்சர் வகுப்பைச் சட்டசபை ஆக்குவார். மில்லை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட அந்த வருஷம், மில் மூடினாலும் பள்ளிக்கூடத்தை மூடக்கூடாது என்று மசோதா கொண்டுவந்தோம்.

நான் எதிர்க்கட்சித் தலைவி. "ஏனுங்க மந்திரி," என்று எழுந்தவள், "நீங்க சொல்றது சரிதானுங்க," என்று உட்கார்ந்துவிட்டேன்.

"நீ எதிர்க்கோணுமல்ல கண்ணு?" என்றார் டீச்சர்.

"எப்படிங்க டீச்சர் எதிர்க்கறது?"

ஆம் என்பவர்களைக் கேட்டதும் இரண்டு பக்கமும் "ஆமாங்க" என்றது. இல்லை என்பவர்களைக் கேட்டபோது மில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கவர்னர் கையெழுத்துப் போட்டால்தான் சட்டம் என்று சொல்லி, டீச்சர் அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

மில்லும் பள்ளிக்கூடமும் இருந்த இடத்தில் இப்போது என் மகள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது. அவள் மறந்துபோன சாப்பாட்டுப் பையோடு போனால், "கையெழுத்துப் போடுங்கம்மா," என்று வாட்ச்மேன் நோட்டை நீட்டுகிறார். கவர்னர் போடாத இடத்தில் நான் போடுகிறேன்.